பாறையிலிருந்து வந்த அழைப்பு

கிருஷாந்த் இறந்த முப்பத்தாறாம் நாள் நிரோஜினி அரைநாள் லீவு போட்டுவிட்டுக் குறிஞ்சாக்கேணிக்குப் போகப் பஸ் ஏறினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் யாரும் இருக்கவுமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நிலாவெளித் தமக்கை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமியார் பாக்கியரத்தினத்தை இளைய மகன் மட்டக்களப்புக்கு அழைத்துப் போய்விட்டான். சாம்பல்தீவில் அந்த இரண்டு அறை வீட்டில் அவளும், கூரைக்கு மேலே நின்ற அன்ரெனாக் கம்பமும்தான் மிச்சம்.

அவள் தேடிப் போனது முத்தலிப் என்ற மனிதரை. அவருடைய குரலை ஆறு வருடமாக அவளுக்குத் தெரியும். முகம் தெரியாது. செத்தவீட்டுக்கு வந்து வாசல் படலையடியில் நின்றுவிட்டுப் போனார் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவள் மனதில் எந்த முகமும் பதியவில்லை.

மரண விசாரணையில்தான் அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியவந்தது. இறந்தவர் கடைசியாகக் கிண்ணியாப் பக்கத்து ரேடியோக்காரர் ஒருவரோடு பதினொரு நிமிடம் கதைத்திருக்கிறார் என்று விசாரணை அதிகாரி வாசித்தார். வாசித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். என்ன கதைத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிரோஜினிக்கும் அந்த நேரம் கேட்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பதினொரு நிமிடம் அவளை விடவில்லை. சோறு போடும்போதும், அலுவலகத்தில் கோப்புத் திறக்கும்போதும், அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் தலைக்குள் ஓடியது. அவளுடைய புருஷனின் கடைசிப் பேச்சு முழுவதும், அவள் ஒருநாளும் காணாத ஒரு மனிதரின் காதில் இருந்தது.

கிருஷாந்த் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப அலுவலர். குளக்கட்டு, வாய்க்கால் என்று வெயிலில் திரிந்து கறுத்த மனிதர். கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வைத்தியத்துக்கு அலைந்து, ஒரு நாள் இருவரும் பேசாமலே அந்த அலைச்சலை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஹாம் ரேடியோவில் இறங்கினார். தொலைபேசிக் கம்பனியும் இல்லாமல் இன்ரநெற்றும் இல்லாமல், சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தவர்கள் தங்களுக்குள் காற்றில் கதைத்துக்கொள்கிற காரியம் அது. தான் எடுத்ததோடு நிற்காமல் நிரோஜினியையும் கரைச்சல் கொடுத்துச் சோதனை எழுத வைத்தார். அவள் முதல் முறையிலேயே பாஸ் பண்ணினாள். அவர் இரண்டாம் முறையில்தான் பாஸ் பண்ணினார். அதைச் சொல்லிச் சொல்லி அவள் அவரைக் கேலி பண்ணிச் சிரிப்பாள்.

பெட்டி தேடுவது அதற்குப் பிறகு வந்தது. ஜியோகேஷிங் என்பார்கள். உலகம் முழுக்க ஆட்கள் சின்னப் பெட்டிகளை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கை இணையத்தில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் கடதாசியில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். அதில் ஒரு சதமும் கிடைக்காது. ஆனால் திருகோணமலையைச் சுற்றி இருக்கிற பெட்டிகள் எல்லாவற்றையும் அவர்கள் எடுத்தார்கள். பாறையும் பற்றையுமான இடங்களில் ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறு பக்கமுமாகத் தேடுவார்கள். கையில் ஆளுக்கொரு ரேடியோ. "நிரோ, கேக்குதா? இஞ்ச ஒண்டும் இல்லை, நீ பனையடியைப் பார்" என்று அவர் சொல்ல, "ஓம், கேக்குது" என்று இவள் சொல்ல, சனி ஞாயிறுகள் அப்படிக் கழிந்தன. கடற்படை, விமானப்படை இடங்களுக்குப் பக்கத்தில் ரேடியோவோடு போனால் நிற்பாட்டிக் கேட்பார்கள் என்பதற்காக லைசென்ஸின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இருவரும் வைத்திருந்தார்கள்.

அவர்கள் கதைப்பதை முத்தலிப் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அலைவரிசை யாருக்கும் பூட்டி வைத்ததல்ல. குறிஞ்சாக்கேணியில் தண்ணீர்ப் பம்ப் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தார் அவர். வேலை மேசையில் ரேடியோ எப்போதும் திறந்தே இருக்கும். காலையில் கிருஷாந்தும் அவரும் வயல், மழை, மீன் விலை என்று பத்து நிமிடம் கதைப்பார்கள். "நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கிருஷாந்த் கூப்பிடுவார். அவர் "தம்பி" என்பார். இடையில் ஒரு பாலமும் கொஞ்சத் தூர ரோட்டும்தான். ஆனாலும் தினமும் கதைத்ததாலோ என்னவோ, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் சீனன்குடாவுக்கு அப்பால், கிண்ணியா ரோட்டிலிருந்து கடலோரமாகப் பிரியும் மண்பாதையில் ஒரு பெட்டியைத் தேடிப் போனார்கள். எட்டரைக்கெல்லாம் அது கிடைத்துவிட்டது. பெரியபிள்ளையான தமக்கையின் மகளுக்கு அன்றைக்குச் சாமத்தியச் சடங்கு. நிரோஜினிதான் பிள்ளைக்குத் தலை பின்னிச் சேலை உடுத்துவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு நிலாவெளியில் நிற்க வேண்டும் என்று முதல் நாள் இரவே சொல்லியிருந்தாள். அவரும் ஓம் என்றிருந்தார்.

தொலைபேசியைப் பார்த்த கிருஷாந்த், பக்கத்துக் குன்றில் புதிதாக ஒரு பெட்டி போட்டிருக்கிறது என்றார். ஒருவரும் இன்னும் எடுக்கவில்லை. யாரோ வெளிநாட்டுக்காரன், பாய்க்கப்பலில் வந்து போனவன், வைத்திருக்கிறான். முதலாவது ஆளாகக் கண்டுபிடித்தால் பெயர் மேலே வரும். அரை மணித்தியாலம்தான் என்றார். வழி பிழைத்துச் சுற்றி, குன்றடிக்குப் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிட்டது. தமக்கை இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டாள். அவருடைய தொலைபேசியில் பற்றரி இறங்கிவிட்டதால், அதை நிரோஜினியின் பையில் இருந்த பவர் பாங்கில் கொழுவிவிட்டு, ஜி.பி.எஸ்ஸையும் ரேடியோவையும் மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பாறைக்குப் புறப்பட்டார்.

நிரோஜினிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு நாளாவது தன் ஆட்களின் காரியத்தை அவர் பெரிதாக எடுத்ததில்லை என்று சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, அங்கே நாலு பெண்கள் நிற்பார்கள்தானே, தலை பின்னமாட்டார்களா என்றார். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"போங்கோ. வாறதெண்டா வாங்கோ, வராட்டி அங்கயே கிடவுங்கோ," என்றாள்.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு ஏறத் தொடங்கினார். பற்றைக்குள் மறையுமுன், ரேடியோவைப் போட்டு வை என்று கைச்சாடையில் காட்டினார். அவள் கீழே வந்து கடலோரப் பாறையில் உட்கார்ந்து, ரேடியோவின் குமிழைத் திருகினாள். டிக் என்று அது அணைந்தது. அவர் கூப்பிடட்டும், கூப்பிட்டுக் கேட்காமல் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள். பிறகு எத்தனையோ தரம் அந்த நினைப்பை வேறு மாதிரி மாற்றிப் பார்க்க முயன்றாள், முடியவில்லை.

அரை மணித்தியாலத்துக்கு மேலாகத் தமக்கைக்குத் தொலைபேசியில் எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றித்தான் எழுதினாள். தமக்கை சிரிப்புப் படம் போட்டாள்.

மண்பாதையில் மோட்டார் சைக்கிள்கள் வந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நாலைந்து பேர் இறங்கிக் குன்றை நோக்கி ஓடினார்கள். ஒருவர் கையில் படுக்கை விரிப்பு. இன்னொருவர் கையில் தென்னோலைக் கட்டு, தீப்பந்தம் கட்டுவதற்குப் போல. காட்டுக்கு நெருப்பு வைக்கப் போகிறார்களாக்கும் என்று எழும்பினாள். கடைசியாக ஓடிவந்தவன் அவளைக் கண்டு நின்றான். அர்ஷாக் என்று பிறகு பெயர் தெரிந்தது. முத்தலிப்பின் மச்சான் மகன், பக்கத்துக் கிராமத்தில் மேசன் வேலை செய்பவன்.

"அக்கா, ரேடியோ வச்சிருக்கிற ஒராளக் குளவி கொட்டிட்டாம். எந்தப் பக்கம் ஏறினவர் எண்டு கண்டீங்களா?"

அவள் கை தானாகக் குமிழைத் திருகியது. ரேடியோவில் முத்தலிப்பின் குரல் வந்தது. "தம்பி, ஆக்கள் வந்துட்டாங்க. கிட்ட வந்துட்டாங்க. பட்டன ஒருக்கா அமத்துங்க தம்பி, சத்தம் போடாட்டியும் பரவாயில்ல, ஒருக்கா அமத்துங்க." பிறகு இரைச்சல். மறுபடியும் அதே குரல், அதே சொற்கள்.

பாறை வெடிப்பொன்றுக்குள் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்து வெடிப்பில் கருங்குளவிக் கூடு. எது எது என்று தெரியாமல் அவர் கையை விட்டிருந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட கொட்டு என்று ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள். சிலருக்கு உடம்பு ஏற்காது, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அம்புலன்ஸ் வந்தது, பாதை முடியும் இடத்தில்தான் நிற்க முடிந்தது. விரிப்பில் வைத்துத் தூக்கி வந்தபோது நிரோஜினி அவர் முகத்தைப் பார்த்தாள். அது அவர் முகம் போலவே இருக்கவில்லை.

பஸ்ஸால் குறிஞ்சாக்கேணியில் இறங்கி நிரோஜினி மோட்டர் கடை எது என்று கேட்டதும், வழியில் நின்ற பெண்ணே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டாள். கடை பூட்டியிருந்தது. பக்கத்து ஒழுங்கையால் போனால் வீடு. கதவைத் திறந்தவர் முத்தலிப்பின் மனைவி லைலா. பெயரைச் சொன்னதும் அந்த மனுசி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு, புருஷன் செத்து நாற்பது நாள்கூட ஆகாத பெண் வெயிலில் பஸ்ஸில் வந்திருக்கிறாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளறையில் கதிரை போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட்டாள்.

முத்தலிப் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். ரேடியோவில் கேட்கிற கனத்த குரலுக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. எதிரில் உட்கார்ந்தவர் நெடுநேரம் உடுத்திருந்த சாரத்தின் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். நேரிலே வந்து சொல்லியிருக்க வேண்டியது நான்தான், இரண்டு தரம் சாம்பல்தீவுச் சந்தி வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன் என்றார்.

"நானா, அவர் என்ன சொன்னவர் எண்டு எனக்கு முழுக்கத் தெரிய வேணும்," என்றாள் நிரோஜினி. "எனக்காக ஒண்டையும் விடாதேங்கோ."

அவர் எழுந்து போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். ரேடியோக்காரர்கள் யாரோடு எப்போது கதைத்தோம் என்று குறித்து வைக்கிற கொப்பி. அந்த நாளின் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தார். ஒழுங்கான எழுத்தில் மூன்று நேரங்கள் இருந்தன. 10.37, குரல் கேட்டது. 10.41, பேசினேன். 10.52, கடைசி.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து முப்பத்தேழுக்குக் கேட்டிருக்கிறீங்கள். நாப்பத்தொண்டுக்குத்தான் பேசியிருக்கிறீங்கள்."

"ஓம்," என்றார் முத்தலிப்.

லைலா குசினி வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றுவிட்டாள். இந்தக் கொப்பியை ஏன் எடுத்தீங்க என்று அவள் முகம் கேட்டது.

அவர் மறைக்கவில்லை. அன்றைக்கு ஒரு பம்ப் மோட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாராம். "நிரோ, நிரோ, கேக்குதா" என்று கிருஷாந்தின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே. மூன்று நாலு தரம். சனிக்கிழமைகளில் வழக்கமாகக் கேட்கிற குரல்தானே, புருஷனும் பெண்சாதியும் பெட்டி தேடுகிறார்கள், பெண் கொஞ்சம் கோபித்துக்கொண்டிருக்கும் போல என்று சிரித்துவிட்டுத் தன்பாட்டில் கம்பி சுற்றினாராம். அவர்களுக்கு இடையில் புகுந்து பேசுவது மரியாதையில்லை என்று நினைத்தாராம்.

"நாலு நிமிசம் தங்கச்சி. நான் கேட்டுக்கிட்டே இருந்த," என்றார். "குளவி எண்ட சொல்லு வந்த புறகுதான் கையில கிடந்தத போட்டுட்டு ரேடியோவுக்கு ஓடின."

நிரோஜினியின் உள்ளே ஏதோ ஒன்று எழும்பியது. இவர் அந்த நாலு நிமிடத்தை வீணாக்காமல் இருந்திருந்தால், ஆட்கள் நாலு நிமிடம் முந்தி ஏறியிருந்தால். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. இந்த மனிதரின் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம். அவரும் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஆனால் அவள் கையிலிருந்த ரேடியோ அரை மணித்தியாலத்துக்கு மேல் அணைந்து கிடந்தது. நாலு நிமிடத்தை எடுத்து எந்தத் தராசில் வைப்பது?

"பிறகு சொல்லுங்கோ," என்றாள்.

பிறகு நடந்ததை முத்தலிப் ஒவ்வொன்றாகச் சொன்னார். இடையில் நிறுத்தி, சரியாக அந்தச் சொல்தானா என்று யோசித்துச் சொன்னார்.

பத்து நாற்பத்தொன்றுக்குக் கேட்டது இதுதான்: "நிரோ, மேல வராத. குளவி. மேல வராத." அப்போதே நாக்குத் தடித்துக் கதை குழறியிருந்தது. முத்தலிப் உடனே குறுக்கிட்டுத் தான் பேசுகிறேன் என்றார். லைலாவைக் கூப்பிட்டு அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார். அர்ஷாக்குக்குத் தானே அடித்தார். எந்த இடம் தம்பி என்று கேட்க, கிருஷாந்த் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து அகலாங்கையும் நெட்டாங்கையும் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். ஒரு இலக்கம் பிழை என்று திரும்பத் திருத்தியும் சொன்னார். கொப்பியில் அந்த இலக்கங்கள் இருந்தன. ஒன்று வெட்டப்பட்டு மேலே எழுதப்பட்டிருந்தது.

ஓடும்போது வழுக்கிப் பாறை இடுக்கில் விழுந்துவிட்டேன், கால் மாட்டிக்கொண்டது, குளவி இன்னும் சுற்றுகிறது என்றாராம். அசையாமல் முகத்தைப் போட்டிருந்த சேட்டால் மூடிக்கொண்டு கிடக்கச் சொன்னாராம் முத்தலிப். சரி என்றாராம். ஆனால் ஒரு நிமிடம் பொறுக்கமாட்டார், மறுபடி நிரோவைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்.

"உதவிக்கா என்னைக் கூப்பிட்டவர்?" என்று நிரோஜினி கேட்டாள். இந்த முப்பத்தாறு நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டார், நான் கேட்கவில்லை. இரவில் கண்ணை மூடினால் அந்தக் குரல்தான்.

முத்தலிப் இல்லை என்று தலையாட்டினார். லைலா தட்டைக் கீழே வைத்துவிட்டு நிரோஜினியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, நீங்க பதில் சொல்லல்லதானே. பதில் இல்லாததால நீங்க மேல ஏறி வாறீங்க எண்டு நினைச்சிட்டார். ஏறி வரக்குள்ள உங்களையும் கொட்டிட்டு, அதுதான் சத்தம் இல்ல எண்டு. அதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நானா, நிரோ வாறாளோ, நிரோவைக் கொட்டிப்போட்டுதோ எண்டு. தன்ர நோவ ஒருக்காவும் சொல்லல்ல."

மின்விசிறி திரும்பித் திரும்பி அடித்துக்கொண்டிருந்தது. நிரோஜினி கொப்பியை மூடினாள். உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் எவ்வளவோ மேல். அவள் கோபத்துக்கு அணைத்து வைத்த ரேடியோ, அங்கே மேலே கிடந்தவருக்கு அவளுடைய சாவாகக் கேட்டிருக்கிறது. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாளே, தவித்திருக்கிறார். எதற்காகத் தவிப்பார் என்றுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"அந்தப் பயத்தோடயா நானா செத்தவர்?"

முத்தலிப் முதல் தடவையாக அவளுடைய கண்ணைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "நான் ஒரு பொய் சொன்ன."

பத்து ஐம்பதுக்குக் குரல் மிகவும் இறங்கிவிட்டதாம். அப்போதும் நிரோ, நிரோ என்றுதான் வந்ததாம். பொறுக்க முடியாமல், "தம்பி, உங்கட மிஸ்ஸிஸ் இப்பதான் என்னோட பேசினாங்க. கீழ கடற்கரையில இருக்கிறாங்க, ஒண்டும் நடக்கல்ல" என்று சொல்லிவிட்டாராம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கிருஷாந்த், கோவமா இருக்கிறாளோ என்று கேட்டாராம்.

"நான் என்னத்தச் சொல்ல? கோவம் இல்லையாம், கெதியா வரட்டாம் எண்டு சொல்லச் சொன்னாங்க எண்ட. சரி நானா எண்டார். அதான் கடைசி."

பிறகு அவர், மரணப்படுக்கையில் கிடந்த ஒரு மனிதரிடம் பொய் சொன்னதற்கு இறைவனிடம் தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் என்றார். ஆனால் அது நிரோஜினியின் பெயரில் சொன்ன பொய். அவள் சொல்லாத சொல்லை அவள் சொன்னதாகச் சொன்னது. அதற்கு அவள்தான் மன்னிக்க வேண்டும். அதற்காகத்தான் சாம்பல்தீவுச் சந்தி வரைக்கும் வந்தது, அதனால்தான் திரும்பியதும்.

லைலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்குப் பிறகு மனுசன் ரேடியோவைத் தொடவில்லை, கடையையும் பாதி நாள் திறப்பதில்லை, சோறும் சரியாக இறங்குவதில்லை என்றாள்.

அது பொய்யில்லை நானா, எனக்கு உண்மையில் கோபம் இருக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் எழும்பி நடப்பார். நிரோஜினிக்கு அது தெரிந்தது. சொல்லவும் வாயெடுத்தாள். ஆனால் பத்து ஐம்பதுக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தொலைபேசியில் அது இன்னும் இருக்கிறது, நேரத்தோடு இருக்கிறது. 'இந்த மனுசனோட சீவிக்கேலாது அக்கா' என்று எழுதியிருந்தாள்.

"அந்த நேரம் நான் கோவமாத்தான் இருந்தனான் நானா," என்றாள். "கெதியா வரட்டும் எண்டும் நான் நினைக்கேல்ல. வராட்டி அங்கயே கிடவுங்கோ எண்டுதான் சொல்லி விட்டனான்."

சொல்லி முடித்ததும் அவளால் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, சுடலைக்குக் கொண்டுபோகும்போதும் அழவில்லை, கல் மாதிரி இருந்தாள் என்று சொந்தக்காரர் ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். இங்கே, யாரென்று தெரியாத ஒரு வீட்டில், லைலாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தை வைத்துக் கதறினாள். முத்தலிப் எழுந்து வெளியே போனார். ஒழுங்கையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டதற்கு, தங்கச்சி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

லைலா அவளை விடவில்லை. முகம் கழுவ வைத்து, குசினியில் தன் பக்கத்தில் இருத்தி, கத்தரிக்காயும் கருவாடும் போட்ட கறியோடு சோறு பிசைந்து கொடுத்தாள். கருவாடு வைக்கலாமோ என்று யோசித்துவிட்டு, செத்தவீட்டுத் துடக்கு கழிந்தால் சாப்பிடலாம்தானே என்று தயங்கிக் கேட்டாள். நிரோஜினி ஓம் என்றாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். கிருஷாந்துக்கு என்ன பிடிக்கும் என்று லைலா கேட்டாள். கணவாய் என்றாள் நிரோஜினி. அவர் காலையில் ரேடியோவில் கணவாய் விலை கேட்பதை லைலாவும் கேட்டிருக்கிறாளாம்.

பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடிந்தபின் முத்தலிப் பஸ் நிற்குமிடம் வரைக்கும் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது நிரோஜினி சொன்னாள்:

"நீங்கள் சொன்னது பிழையெண்டு எனக்கு இல்லை. நான் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறீங்கள். ஆனா மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு இன்னும் வாய் வருகுதில்லை. நாலு நிமிசத்துக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வாய் வரேக்க சொல்லுறன்."

"சரி தங்கச்சி," என்றார் அவர். "அவசரமில்ல, ஆறுதலாச் சொல்லுங்க."

பஸ்ஸில் கடற்கரைப் பக்கத்து ஆசனம்தான் காலியாக இருந்தது. பாலத்தில் ஏறும்போது காற்று பலமாக வந்து கண்ணாடியைத் தட்டியது. மண்பாதை பிரிகிற இடத்தை பஸ் கடந்தபோது அவள் குன்றைப் பார்த்தாள். ரோட்டிலிருந்து பார்த்தால் அது அவ்வளவு உயரமே இல்லை. சாதாரணமாக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் லைலா தொலைபேசி எடுப்பாள். என்ன சமைத்தாய், சாப்பிட்டாயா, தனியப் படுக்கப் பயமில்லையா என்று கேட்பாள். நிரோஜினியும் அலுவலகக் கதை, தமக்கையின் பிள்ளைகளின் கதை என்று ஏதாவது சொல்வாள். முத்தலிப் பக்கத்தில்தான் இருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். சில வேளை அவர் இருமுவது கேட்கும். அவரிடம் கொடுங்கள் என்று சொல்ல ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பாள். மூன்று மாதமாகிறது, இன்னும் சொல்லவில்லை. லைலாவும் வற்புறுத்துவதில்லை. சரி, வைக்கட்டா புள்ள என்று கேட்டுவிட்டு, அவள் ஓம் என்று சொல்லும்வரை காத்திருந்து வைப்பாள்.